சாவடிக் கதை

சீமையில் ஒரு சிறு கிராமம் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் மூச்சு விடாமல் சொல்லிவிடுவார்கள். நடுவில் ஒரு பொதுப் புல்வெளி. அதன் ஒரு கோடியில் உயர்ந்த கோபுரத்தோடு மாதா கோயில். எதிரே, பெயர்ப் பலகை காற்றில் ஆடும் ஒரு பிரயாணிகள் விடுதி. வாத்து நீந்தும் குட்டை. சற்று எட்டினாற்போல் ஒரு கொல்லன் உலை. இவற்றில் ஒன்றையும் அவர்கள் கண்ணால் கண்டதில்லை. எல்லாம் கதைப் புத்தகங்களில் கண்டவைதாம். பிள்ளைகளைச் சொல்வானேன்? கல்லூரியில் ஆங்கில இலக்கியம் வாசித்த காலத்தில், ஆலிவர் கோல்ட்ஸ்மித் 1770-ஆம் வருஷத்தில் வெளியிட்ட 'பாழடைந்த கிராமம்' என்னும் நெடுங்கவியை நாமும் உருப்போட்டோம். அந்தக் கிராமத்து உபாத்தியாயரும் பாதிரியாரும் நமக்கு அடுத்த வீட்டுக்காரர்களைப் போல ஆகிவிட்டார்கள். கல்லூரிக்குப் போகிற வழியில் தினந்தோறும் பஸ் நிற்கிற வேலப்பன்சாவடி என்னும் ஊரின் பெயருக்கு என்ன பொருள் என்று மட்டும் எந்தப் பரீட்சையிலும் யாரும் நம்மைக் கேட்டதில்லை.

கேட்காத கேள்விக்கு இந்த வாரம் விடை எழுதலாம் என்று உத்தேசம்.

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலையும் வானகரத்தையும் தாண்டினால் வேலப்பன்சாவடி. வடக்கே திரும்பினால் திருவேற்காடு. நேரே போனால் பூந்தமல்லி. 1997-ஆம் வருஷத்தில் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைப் பிரித்தபோது உண்டான திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்தது. பூந்தமல்லியை நெருங்கும்போது இன்னும் இரண்டு சாவடிகள் வருகின்றன: ஒன்று குமணன்சாவடி, மற்றொன்று கரையான்சாவடி. "குமணன் தெரியும், ஸார், புலவருக்காகத் தலையையே கொடுக்கத் துணிந்த வள்ளல். கரையான் எதற்காகச் சாவடி கட்டிற்று?" என்று நம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். வகுப்பே சிரித்தது. ஆயினும் கேள்வி நல்ல கேள்வி. ஒரு பத்து நிமிஷ மோட்டார்ப் பிரயாணத்துக்குள் மூன்று ஊர்கள் சாவடி என்று முடிகின்றன என்றால், அந்தச் சாலைக்கும் சாவடிக்கும் ஏதோ நெருங்கிய சம்பந்தம் இருந்திருக்கத்தானே வேண்டும்?

இந்தப் பெயர் இங்கே மட்டும் வழங்குவதன்று. சென்னைக்குத் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலையில் கந்தன்சாவடி இருக்கிறது. இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள் நிறைந்த இடம். புதுச்சேரிக்கு வடக்கே கடற்கரையோரமாய்ப் பெரிய முதலியார் சாவடி, சின்ன முதலியார் சாவடி என்று இரண்டு. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் வழியில், மலையாள எல்லையைத் தொடுமிடத்தில், க.க. சாவடி. எல்லாம் சாலையோரத்து ஊர்கள் என்பதைக் கவனியுங்கள். சத்திரத்தின் பெயரைத் தாங்கிய ஊர்களும் உண்டு; திண்டுக்கல் ஜில்லாவில் ஒட்டன்சத்திரம் இல்லையா? திருச்சியில் ஒரு பஸ் நிலையத்துக்கே சத்திரம் என்றுதான் பெயர். இதே பெங்களூர்ச் சாலையில் காவேரிப்பாக்கத்துப் பக்கம் சுமைதாங்கி என்றே ஓர் ஊர் இருக்கிறது.

சத்திரம் வேறு, சாவடி வேறு. சத்திரத்தில் சோறு உண்டு. அதற்கென்று மானிய நிலமும் சமையற்காரரும் மணியமும் உண்டு. மதுரையில் ராணி மங்கம்மாளின் பெயரால் விளங்கும் சத்திரமும், தஞ்சைச் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரால் ஏற்படுத்திய சத்திரமும் ராஜாக்கள் கட்டியவை. சாவடி அவ்வளவு பெரிய காரியமன்று. ஒரு கூரை, நாலு தூண், காலை நீட்டிப் படுக்க ஒரு திண்ணை, பக்கத்தில் ஒரு கிணறு அல்லது குளம், மாடு கட்ட ஒரு மரம். இவ்வளவு இருந்தால் சாவடி ஆகிவிடும். அரிசி மூட்டை பிரயாணியுடையது. அடுப்புக் கல் மூன்றும் ஊருடையவை. இதனால் ராஜாவல்லாத மனிதனும் சாவடி கட்ட முடிந்தது. தன்னால் இயன்ற பொருளைச் செலவழித்து, முகம் தெரியாத வழிப்போக்கன் ஒருவன் ஓர் இரவு பயமின்றித் தூங்க வேண்டும் என்று நினைத்தவர்கள் இந்நாட்டில் இருந்தார்கள். தண்ணீர்ப்பந்தலும் சுமைதாங்கியும் இதே மனத்திலிருந்து பிறந்தவை. சுமைதாங்கி என்பது இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டது, அவ்வளவுதான். ஆனால் தலைச்சுமையோடு தனியாக நடந்து வருகிறவன், பிறர் கைத்தாங்கல் இல்லாமலே சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு இளைப்பாறி, திரும்பத் தலைமேல் இழுத்துக்கொண்டு போகலாம். பிள்ளைப்பேறு காணாமல் சுமையோடு இறந்துபோன கர்ப்பிணியின் நினைவாக அதை நடுவது வழக்கம். இறந்தவளின் நினைவையும் நடப்பவனின் கழுத்து வலியையும் ஒரே கல்லில் சேர்த்துப் பார்த்த மனம் எத்தகைய மனம் என்பதை எழுதிக் காட்ட நம்மால் ஆகாது.

சாவடி என்ற சொல்லைத் தெலுங்கரும் கன்னடரும் மகாராஷ்டிரரும்கூட வழங்குகிறார்கள். சீரடியில் சாயிபாபா ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் தங்கிய இடத்துக்குச் சாவடி என்றே பெயர். வெள்ளைக்காரர் இந்தச் சொல்லை வாயில் போட்டுக் குதப்பிச் 'சௌல்ட்ரி' என்று ஆக்கிக்கொண்டனர். சென்னைப் பட்டணத்தில் 17-ஆம் நூற்றாண்டிலேயே கம்பெனியாரின் சௌல்ட்ரி நியாயஸ்தலம் நடந்தது. சில்லறை வழக்குகளைத் தீர்ப்பதும், வீடு வாசல் கைமாறுவதைப் பதிவு செய்வதும் அங்கேதான். இன்றைக்கு மவுண்ட் ரோடு ஓடுகிற மேட்டுவெளியை 18-ஆம் நூற்றாண்டில் 'சௌல்ட்ரி ப்ளெயின்', அதாவது சாவடி வெளி, என்றே அவர்கள் அழைத்து வந்தார்கள். கிராமங்களிலோ கர்ணமும் மணியக்காரரும் உட்கார்ந்து வரி வாங்கிக் கணக்கு எழுதிய இடத்துக்கும் சாவடி என்றுதான் பெயர். ஆகவே சாவடி, வழிப்போக்கன் படுத்துறங்கும் இடமாகவும் அதிகாரி உட்கார்ந்து கேள்வி கேட்கும் இடமாகவும், ஆதியிலிருந்தே இரண்டு முகம் கொண்டதாக இருந்திருக்கிறது.

பிற்காலத்தில் ஒரு முகம் தேய்ந்துபோய் மற்றொரு முகம் வளர்ந்துவிட்டது. இன்றைக்கு நாம் சாவடி என்று எவ்விடங்களைச் சொல்லுகிறோம்? சுங்கச்சாவடி, சோதனைச்சாவடி, காவல்சாவடி. எல்லாம் பிரயாணியைத் தடுத்து நிறுத்துகிற இடங்கள். வாக்குச்சாவடி ஒன்றுதான் விலக்கு. அங்கே ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது நம்மை வரவேற்கிறார்கள். வேலப்பன்சாவடிக்குக் கிழக்கே, சென்னைப் புறவழிச்சாலையில் வானகரத்துச் சுங்கச்சாவடி இருக்கிறது. ஒரு காலத்தில் வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துவிட்டுத் தூங்கிய சீமையில், 2021-ஆம் வருஷத்துப் பிப்ரவரி முதல் கண்ணாடியில் ஒட்டிய சீட்டைக் கருவி படித்துப் பணத்தைக் கழித்துக்கொள்ளுகிறது. சொல் அதேதான்.

சாலையின் சரித்திரத்துக்கு வருவோம். பட்டணத்தைவிடப் பூந்தமல்லி பழைய ஊர். காஞ்சி வரதராஜனுக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பிகள் பிறந்த தலம் அது. 1639-ஆம் வருஷத்தில் ஆங்கிலக் கம்பெனிக்குக் கடற்கரையில் ஒரு துண்டு மணலைக் கொடுத்த தாமர்ல வேங்கடாத்திரி நாயகரின் சகோதரர் ஐயப்ப நாயகர் பூந்தமல்லியில் இருந்துகொண்டுதான் கடற்கரைச் சீமையின் காரியங்களைக் கவனித்து வந்தார். அந்த மணல் மேட்டில் கோட்டையும் பட்டணமும் எழுந்த பிறகு, உள்நாட்டிலிருந்து நெல்லும் துணியும் காய்கறியும் பூவும் கோட்டைக்குப் போக, கோட்டையிலிருந்து பட்டாளங்கள் உள்நாட்டுக்குப் போக, இந்த வழி பெரிய வழியாயிற்று. காஞ்சீபுரத்துக்கும் ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் பெங்களூருக்கும் இதுவே பாதை. மேற்குப் பெருஞ்சாலை என்று அதற்கு ஆங்கிலத்தில் பெயரிட்டார்கள். பிறகு நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலை ஆயிற்று. 2010-ஆம் வருஷத்துப் புதுக் கணக்கின்படி 48-ஆம் எண்.

மாட்டு வண்டி மணிக்கு இரண்டு மைலுக்குச் சற்று அதிகமாகப் போகும். வேலப்பன்சாவடியிலிருந்து கோட்டை ஏறக்குறையப் பத்துப் பன்னிரண்டு மைல். விடியற்காலம் நான்கு மணிக்கு இங்கிருந்து வண்டி பூட்டினால் வெயில் ஏறுவதற்குள் பட்டணத்துச் சந்தையில் இறங்கிவிடலாம். பிற்பகலில் பட்டணத்தை விட்டுப் புறப்பட்டால் இருட்டும் நேரத்தில் இங்கே சேரலாம். ஆகவே, பட்டணத்துக்குப் போகிறவனுக்குக் கடைசி இரவும், பட்டணத்திலிருந்து திரும்புகிறவனுக்கு முதல் இரவும் கழிவதற்கு ஏற்ற இடம் இந்தச் சுற்றுப்புறம். சாவடிகள் மூன்று இங்கே கூடி நின்றதற்கு மாட்டின் காலே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

சீமையிலும் நாலு குதிரை கட்டிய வண்டிகள் ஓடிய காலத்தில் சாலையோரத்து விடுதிகள் செழித்தன. ரெயில் வந்து அவற்றின் அடுப்பை அணைத்தது. இங்கும் அப்படியே. 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரெயில் ஓடிற்று. அது பூந்தமல்லி வழியாக வரவில்லை. வடக்கே ஒதுங்கி ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று போய்விட்டது. பெங்களூருக்குப் போகிற பெரிய மனிதர்கள் ரெயில் ஏறினார்கள். பின்னர்ச் சாமான்களும் ஏறின. சாலையில் எஞ்சியவர்கள் பக்கத்துக் கிராமத்தார்கள். அவர்களுக்கு இரவு தங்க அவசியமில்லை. மோட்டார் வந்து சாலைக்கு மறுபடியும் உயிர் கொடுத்தபோது பிரயாணியின் வேகம் மாறிவிட்டிருந்தது. சாவடியில் படுக்க வேண்டியவன் இப்போது தூக்கம் கலையாமலே அதைக் கடந்து போனான்.

இப்போது வேலப்பன்சாவடியில் ஒரு மேம்பாலமும் இருக்கிறது. பெங்களூர் வண்டிகள் ஊரின் தலைக்கு மேலாகவே போய்விடலாம். கோல்ட்ஸ்மித்தின் கிராமம் ஜனங்கள் வெளியேறியதால் பாழாயிற்று. நம் சாவடியின் கஷ்டம் நேர்மாறானது. இங்கே ஜனங்கள் வந்து குவிந்து, கிராமம் எங்கே என்று தேடும்படி ஆகிவிட்டது. திருவேற்காடு நகராட்சியின் ஜனத்தொகை 2011-ஆம் வருஷத்துக் கணக்கில் 62 ஆயிரத்துக்கு மேல். வேலப்பன்சாவடிச் சாலையில் 1988-இல் ஏற்பட்ட சவீதா பல் வைத்தியக் கல்லூரியும், 2008-இல் ஏற்பட்ட ஏ.சி.எஸ். வைத்தியக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள்.

சத்திரமும் ஆஸ்பத்திரியும் உறவினர்கள் என்பது சென்னைக்குப் புதிய விஷயம் அல்ல. 1782-ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்தோடு சேர்ந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னையில் முதியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். நோயாளிக்குக் கட்டில் கொடுக்கிற எந்த ஆஸ்பத்திரியிலும், அவனோடு வந்தவளுக்கு உட்கார இடம் வேண்டுமல்லவா? ஒரு நோயாளிக்கு ஒரு துணை என்று விதி இருக்கும். உள்ளபடி வருகிறவர்கள் நாலு பேர். மனைவி, தாய், மைத்துனன், கைக்குழந்தை. மற்ற மூவரும் வாயிற்புறத்து நடைபாதையில் துண்டை விரித்துக் காத்திருப்பதை நம் நாட்டில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் முன்னும் பார்க்கலாம். பழைய சாவடியின் திண்ணைக்கு உரியவர்கள் இவர்கள்தாம். வழிப்போக்கர் ஒழிந்துவிட்டார்கள், ஆகையால் சாவடிக்கு வேலையில்லை என்று யாரேனும் சொன்னால், மாலை ஆறு மணிக்கு இந்தச் சாலையில் பஸ்ஸுக்காக நிற்கிற கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் பெண்கள், கையில் பையும் இடுப்பில் வலியுமாக, லாரிப் புழுதியில் முக்கால் மணி நேரம் நிற்கிறார்கள். நிழற்குடை என்று ஒன்று வைத்தால் அதில் நிழலைவிட விளம்பரம் அதிகம். பெஞ்சி வைத்தால் ஒருவரும் சாய முடியாதபடி சரிவாக வைக்கிறார்கள். பெண்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்பதைப் பட்டியலின் கடைசி வரியில்கூடக் காணோம். நாலு தூண் போட்டுத் திண்ணை கட்டிய மனிதன் எந்தப் பொறியியற் கல்லூரியிலும் படித்தவனல்லன். மனிதனுக்குக் கால் வலிக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

பக்கத்துத் திருவேற்காட்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய உரிமை உண்டு. கருமாரியம்மன் சந்நிதியால் அந்த ஊரை இப்போது எல்லோரும் அறிவார்கள். ஆடி மாதத்தில் மஞ்சளும் சிவப்புமாய்க் கூட்டம் கூட்டமாக நடந்து வருகிறார்கள். அதற்கு மிகவும் முந்தியே திருஞானசம்பந்தர் பாடிய வேதபுரீசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. வேல மரக் காடாக இருந்ததால் வேற்காடு என்பார்கள். அறுபத்துமூவரில் ஒருவரான மூர்க்க நாயனார் பிறந்த ஊர் அது. நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்ற கதைதானா என்று உபாத்தியாயர்கள் தயங்கக்கூடிய கதை அவருடையது. அடியவர்களுக்கு அமுது படைத்துப் படைத்துச் செல்வம் முழுதும் தீர்ந்துவிட்டது. நிலத்தை விற்றார், அடிமைகளையும் விற்றார், அதுவும் தீர்ந்தது. எஞ்சியது இளமையில் கற்ற சூதாட்டம் ஒன்றே. ஊரில் அவரோடு ஆட ஆள் இல்லாமற் போகவே ஊர் ஊராகப் போய்க் கடைசியில் குடந்தையை அடைந்தார். முதலாட்டத்தில் தோற்பார், பிறகு எல்லாவற்றையும் வெல்வார். கொடுக்க மறுத்தவனை உடைவாளால் குத்துவார். மூர்க்கர் என்ற பெயர் அதனால் வந்தது. ஜயித்த பொருளைத் தாம் கையாலும் தீண்டாமல் சோறாக்கி அடியவர்க்கு இட்டு, கடைசிப் பந்தியில் தாம் உண்பார். சேக்கிழார் இவரையும் தொண்டர் வரிசையில் வைத்தே பாடியிருக்கிறார். வந்தவனுக்குச் சோறு இல்லை என்று சொல்வதைவிடச் சூதாடுவது மேல் என்று எண்ணிய ஒருவரை இந்த மண் பெற்றது. சூதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவதானால், சோற்றையாவது சொல்லிவிடலாம்.

கூவத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. திருவேற்காட்டை ஒட்டி ஓடுகிற ஆறு, பட்டணத்தில் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற அதே கூவம்தான். கேசவரம் அணைக்கட்டில் பிரிந்து வருகிற அதற்குக் கூவம் என்ற ஊரே பெயர் கொடுத்தது. அந்த ஊரும் சம்பந்தர் பாடல் பெற்ற திருவிற்கோலம். வழியில் ஜமீன் கொரட்டூர் அணையில் அதன் நீரைச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்புகிறார்கள். ஆகையால் பட்டணம் குடிக்கிற தண்ணீரில் கூவத்துத் தண்ணீரும் உண்டு. மீதியை நாம் செய்கிற அலங்கோலம் உலகறிந்தது. 2015-ஆம் வருஷம் டிசம்பரில் கூவமும் அடையாறும் கரை மீறி வந்தன. ஆற்றுக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்பதை அன்றைக்கு ஆறே அளந்து காட்டிற்று.

சீமைக் கிராமங்களைப் பற்றி ஒரு நல்ல விஷயத்தை மனமுவந்து ஒப்புக்கொள்ள வேண்டும். 1538-ஆம் வருஷத்தில் எட்டாம் ஹென்றி மன்னனின் மந்திரி தாமஸ் கிராம்வெல் இட்ட உத்தரவின்படி, ஒவ்வொரு மாதா கோயிலிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றை எழுதி வைக்கத் தொடங்கினார்கள். ஒரு குடியானவனின் பாட்டனுக்குப் பாட்டன் என்றைக்குச் செத்தான் என்று அங்கே புத்தகத்தைப் புரட்டிச் சொல்லலாம். 1899-ஆம் வருஷத்தில், இங்கிலாந்தின் ஒவ்வொரு கிராமத்துக்கும் சரித்திரம் எழுதுவதென்று தொடங்கினார்கள். நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகியும் அந்த வேலை முடியவில்லை, இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிடிவாதத்தை நாம் பொறாமையோடு வியக்கலாம்.

நம்மிடம் ஏடு இல்லாமற் போகவில்லை. ஆற்காட்டு நவாபு 1763-இல் செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த பிறகு, தாமஸ் பார்னார்டு என்ற இஞ்சினீயர் 1767 முதல் 1774 வரையில் ஏறக்குறைய 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அதற்கு ஆதாரம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் எழுதிய ஓலைகள். எந்த ஊரில் எத்தனை வீடு, யார் யார் என்ன தொழில், ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, களத்துமேட்டில் தச்சனுக்கு எவ்வளவு நெல், வெட்டியானுக்கு எவ்வளவு, வைத்தியனுக்கு எவ்வளவு என்று அவற்றில் கண்டிருக்கிறது. இவற்றை நம் தலைமுறைக்கு எடுத்துக் காட்டியவர் தரம்பால் என்ற காந்தியவாதி. ஓலைகளைப் படித்துத் திருப்போரூர், வடக்குப்பட்டு என்னும் இரண்டு ஊர்களின் கணக்கை 2001-ஆம் வருஷத்தில் நூலாகவே அச்சிட்டிருக்கிறார்கள். கர்ணம் என்றால் பொய்க் கணக்கு என்று கதைகளில் பரிகாசம் செய்வது வழக்கம். அவர் செய்த குறும்புகள் பல, ஆனால் எழுதினார். 1980-ஆம் வருஷத்தில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் எடுத்துவிட்டது. எடுத்தது நியாயமே, ஒரு குடும்பத்தில் பிறந்ததற்காக ஊர் முழுவதன்மேலும் அதிகாரம் செலுத்துவது எங்கே அடுக்கும்? ஆயினும் அந்தக் குடும்பங்களின் பரண்மேலிருந்த பழங்கணக்குகள் என்னவாயின என்பதைக் கரையான்கள்தாம் சொல்ல வேண்டும். நம் மாணவனின் கேள்விக்கு இதையும் ஒரு விடையாக வைத்துக்கொள்ளலாம்.

பழைய சாவடியைப் புகழும்போது ஒன்றை மறைத்தல் கூடாது. வழிப்போக்கர் எல்லோரும் அங்கே சமமாகப் படுத்துறங்கவில்லை. திண்ணை இன்ன ஜாதியாருக்கு, தரை இன்னாருக்கு, வெளிவாசல் இன்னாருக்கு என்று எழுதாத சட்டம் இருந்தது, கிணற்றுக்கும் அப்படியே. 1924-ஆம் வருஷத்தில், செங்கற்பட்டு ஜில்லாவிலேயே கோழியாளம் கிராமத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொது ஜனங்கள் கூடும் இடம் ஆகிய எதிலும் எந்த வகுப்பாரையும் தடுக்கலாகாது என்பது அதன் சாரம். சபை அதை ஏற்றது, சர்க்கார் பிரசுரித்தது. பட்டணத்தில் அச்சான காகிதம் பத்து மைல் நடந்து வந்து ஒரு திண்ணைமேல் ஏறுவதற்கு இன்னும் எத்தனையோ வருஷம் பிடித்தது. பூந்தமல்லிக்கு அப்பால் குத்தம்பாக்கத்தில், 1996-இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ என்பவர் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளைக் கட்டி, ஒன்றில் ஆதிதிராவிடர் குடும்பமும் மற்றதில் வேறு வகுப்புக் குடும்பமும் வாழச் செய்தார். சாவடி கட்டியவன் யோசிக்காத திண்ணை அது.

இவற்றையெல்லாம் யோசித்து, சென்ற கோடை விடுமுறையில் நம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். இந்தச் சாலையோரத்து ஊர்களில் எழுபது வயது தாண்டியவர்களைத் தேடிப் போய், சாவடி, கிணறு, மரம், கோயில், கடை, வாத்தியார் என்று ஆறு தலைப்புகளில் கேட்டு எழுதி வரும்படி சொன்னோம். மார்க்கு கிடையாது என்றும் சொல்லிவிட்டோம். அதனால் பாதிப் பேர் எழுதவில்லை; எழுதிய பாதி நன்றாக எழுதினார்கள். கிணற்றுக்குக் கீழே பக்கம் பக்கமாக வந்தது. இன்ன கிணற்றில் பருப்பு வேகும், இன்ன கிணற்றில் வேகாது என்று கிழவிகள் துல்லியமாகச் சொல்லியிருந்தார்கள். புளியமரங்களின் கணக்கில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லி, நோட்டுப் புத்தகத்திலேயே சண்டை நடந்திருந்தது. கடைத் தலைப்பில் ஒருவர், தாம் கடன் வைத்து இன்னும் கொடுக்காத தொகையையும் எழுதச் சொல்லியிருக்கிறார்.

ஒரு பெண் மட்டும் ஒரு பக்கத்தை எழுதாமல் விட்டுவிட்டு, நம்மிடம் நேரே கேட்க வந்தாள். அவள் பார்த்த ஒரு பாட்டி, சிறு வயதில் தன் தாயோடு விறகுக் கட்டு சுமந்து பட்டணத்து வழியில் நடந்தவள். "சாவடி எப்படி இருந்தது, பாட்டி?" என்று கேட்டதற்கு, "உள்ளே எப்படி இருந்துதுன்னு எனக்கென்னம்மா தெரியும்? எங்களை ஏத்த மாட்டாங்க. நாங்க எதிர்த்தாப்ல மரத்தடியிலே குந்திக்குவோம். மழை வந்தா நனைவோம்" என்றாளாம். இதைச் சாவடி என்ற தலைப்பில் எழுதுவதா, மரம் என்ற தலைப்பில் எழுதுவதா என்பது அந்தப் பெண்ணின் சந்தேகம்.

சாவடி என்ற தலைப்பிலேயே, முதல் பக்கத்தில் எழுதும்படி சொன்னோம்.